பெரகலச் சரிவில் மரக் கணக்கு

பெரகலச் சந்தி பெரிய ஊர் இல்லை. இரத்தினபுரி, ஹல்துமுல்ல வழியாகக் கொழும்பிலிருந்து வரும் ஏ4 வீதி இங்கிருந்து கொஸ்லந்த, வெல்லவாயப் பக்கம் இறங்கிப் போகிறது. அப்புத்தளை, பண்டாரவளை, பதுளைக்கு ஏறும் ஏ16 இங்கேதான் தொடங்குகிறது. பஸ் மாறுகிறவர்கள் ஒரு பிளேன்டீ குடிக்கிற நேரம் நிற்பார்கள். அந்த நேரத்துக்குள் தலையைத் தூக்கிப் பார்த்தால் நான்கு விதப் பச்சை கண்ணில் படும். மட்டம் வெட்டிய தேயிலையும் அதற்குள் வரிசை பிடித்து நிற்கும் சவுக்கும் ஒன்று. (இங்கே சவுக்கு என்றால் கிரெவிலியா. தமிழ்நாட்டுக் கடற்கரைச் சவுக்கு வேறு; நீலகிரியில் இதையே சில்வர் ஓக் என்பார்கள்.) கரும்பச்சையாக ஒரு பைனஸ் துண்டு இரண்டாவது. ஆவணியில் மஞ்சளாகி மார்கழியில் பச்சையாகும் மானாப்புல் சரிவு மூன்றாவது. நான்காவதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஓடை விழும் பள்ளங்களில் மட்டும், கோடு கிழித்தது போல, பலவகை மரங்கள் நெருக்கியடித்து நிற்கிற பழைய காடு அது.

ஒரு நிலத்தில் ஒரே மரம் நிற்பதற்கும் பல மரம் நிற்பதற்கும் அந்த நிலத்தின் நடப்பில் என்ன வித்தியாசம்? நடப்பு என்று நான் சொல்வது மரம் பருப்பது, இலை விழுந்து மக்குவது, மழைநீர் மண்ணுக்குள் இறங்குவது, மண் இடம் பெயராமல் இருப்பது, பூச்சியும் பூஞ்சணமும் பரவுவது, தீப்பிடிப்பது எல்லாவற்றையும் சேர்த்துத்தான். சூழலியலாளர்கள் முப்பது, நாற்பது வருடமாக இதைக் குடைந்துகொண்டிருக்கிறார்கள். அவர்கள் ஆய்வுகூடத்திலிருந்து வெளியே வந்து சேர்கிற பதில் பெரும்பாலும் மூன்று சொல்: பல மரம் நல்லது. பதிலில் பொய்யில்லை. ஆனால் ஐப்பசி மழையில் மேட்டைப் பார்த்துக்கொண்டே தூங்குகிறவர்களுக்கும், ஆவணியில் பீலியில் தண்ணீர் நூலாக ஒழுகுவதைப் பார்க்கிறவர்களுக்கும் அது போதாது. எதற்கு நல்லது, எந்த மரம், மலையின் எந்த இடத்தில் என்று அவர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டும்.

கேள்வி பழையது. ஒரே புல் விதைத்த பாத்தியைவிடப் பலவகைப் புல் விதைத்த பாத்தி அதிகம் விளையும் என்று டார்வின் 1859இலேயே எழுதினார். பிறகு அமெரிக்காவின் மினசோட்டாவில் சீடர் கிரீக் என்ற இடத்தில் புற்களை வைத்துப் பல பத்தாண்டுகள் பரிசோதனை நடந்தது. புல் ஓரிரு வருடத்தில் பதில் சொல்லிவிடும், மரம் சொல்லாது. அதனால் மரங்களைப் பற்றிய பேச்சு நெடுங்காலம் ஊகமாகவே இருந்தது. 2016இல் 44 நாடுகளின் ஏழு லட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட காட்டுத் துண்டுகளின் கணக்கை ஒன்றாக்கிப் பார்த்தார்கள். மர இனங்கள் பத்து வீதம் குறைந்தால் காட்டின் வளர்ச்சி இரண்டு முதல் மூன்று வீதம் குறைகிறது என்று வந்தது. பெரிய கணக்குத்தான். ஆனால் இனங்கள் நிறைந்திருப்பதால் காடு செழிக்கிறதா, செழிப்பான இடம் என்பதால் இனங்கள் நிறைந்தனவா என்பதை இந்த வகைக் கணக்கு பிரித்துக் காட்டாது. பிரிக்க வேண்டுமென்றால் கையால் நட்டுப் பார்க்க வேண்டும்.

நட்டுப் பார்த்த இடம் சீனாவின் ஜியாங்சி மாகாணத்தில் இருக்கிறது. ஷிங்காங்ஷான் என்ற சரிவில் 2009, 2010ஆம் ஆண்டுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கன்றுகளை 566 துண்டுகளாகப் பிரித்து நட்டார்கள். சில துண்டில் ஒரே இனம், சிலவற்றில் இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு, இருபத்துநான்கு. சீன, ஜெர்மன், சுவிஸ் ஆய்வாளர்கள் சேர்ந்து நடத்தும் வேலை. துணை வெப்ப மண்டலக் காட்டைப் பற்றி உலகில் யார் பேசினாலும் இன்று இந்தச் சரிவில்தான் வந்து நிற்கிறார்கள். எட்டு வருடம் கழித்து 2018இல் வந்த கணக்கின்படி, பதினாறு இனம் கலந்த துண்டுகள் ஓரினத் துண்டுகளின் சராசரியைவிட இரண்டு மடங்குக்கும் மேல் காபன் சேர்த்திருந்தன. வருடம் போகப்போக இடைவெளி கூடவும் செய்தது.

இதைச் சொல்கிறவர்கள் அந்தக் கட்டுரையின் அடுத்த பாதியைச் சொல்வது குறைவு. சந்தைக்காக வளர்க்கப்படும் இரண்டு ஊசியிலை மரங்களைத் தனியே நட்ட துண்டுகளும் அந்தப் பதினாறு இனக் கலப்புக்குக் கிட்டத்தட்ட சமமாகவே காபன் சேர்த்திருந்தன. காபன் மட்டுமே கணக்கு என்றால் பைனஸ்காரர் தோற்கவில்லை.

அந்தச் சரிவு நமக்கு எவ்வளவு தூரம் பொருந்தும்? பெரகல நிலநடுக்கோட்டுக்கு ஏழு பாகைக்குள் இருக்கிறது. வரைபடப்படி வெப்ப மண்டலம். ஆயிரம் மீட்டரை ஒட்டிய உயரம்தான் இதைக் குளிர்ப்படுத்துகிறது. சீனக் காட்டில் ஓக் குடும்பம் கோலோச்சும். இலங்கையில் இயற்கையாக ஓக் கிடையாது. ஆனால் கறுவாக் குடும்பம், வெரளிக் குடும்பம், தேயிலைக் குடும்பம் எல்லாம் இரண்டு பக்கமும் உண்டு. இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாம் மலைமலையாக மொட்டை வெயிலில் நட்டு வைத்திருக்கும் தேயிலையே தென்சீனா, அசாம் பக்கத்துக் காடுகளில் பெரிய மரங்களின் கீழ் வளர்ந்த செடிதான். காட்டின் கீழ்த்தட்டை மட்டும் உருவிக்கொண்டு வந்து மேல்தட்டை அங்கேயே விட்டுவிட்டோம்.

பல மரம் சேர்ந்தால் விளைச்சல் ஏன் கூடுகிறது என்பதற்கு ஆய்வாளர்கள் இரண்டு காரணம் சொல்வார்கள். கொழுந்து மடுவத்தில் நிறுவை போடுகிறவருக்கு இது சட்டென்று புரியும். ஒரு கேங்கின் மொத்த நிறை கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கொரு நிரையாக மலையைச் சரியாகப் பங்கு போட்டு, ஒருவர் விட்டதை மற்றவர் எடுத்து, அதனால் கூடியிருக்கலாம். அல்லது கேங்கில் யாரோ ஒரு அக்கா தனியாளாக முப்பது கிலோ எடுத்துப் போட்டதால் கூடியிருக்கலாம். முதலாவதை ஒன்றையொன்று நிரப்புதல் என்றும் இரண்டாவதைத் தெரிவு விளைவு என்றும் சொல்வார்கள். இவற்றைக் கணக்கில் பிரித்தெடுக்கும் வழியை மிஷேல் லொரோவும் அண்டி ஹெக்டரும் 2001இல் வகுத்தார்கள். நடுகிறவருக்கு இது சும்மா வித்தியாசம் இல்லை. தெரிவு விளைவுதான் என்றால் அந்தக் கெட்டிக்கார மரத்தை மட்டும் கண்டுபிடித்து நட்டுவிட்டுப் போகலாம், கலப்பு தேவையில்லை. நிரப்புதல் என்றால், எந்த மரத்தின் வேர் ஆழம் போகும், எந்த மரம் எந்த மாதத்தில் இலை உதிர்க்கும், எது வெயில் கேட்கும் என்று பார்த்துப் பார்த்துச் சேர்க்க வேண்டும்.

பூச்சி, நோய் விஷயத்தில் கதை இன்னும் சிக்கலாகிறது. ஓரினம் நட்டால் நோய் வரும், பல இனம் நட்டால் வராது என்பது எல்லோரும் சொல்வது. ஆனால் சீனாவின் குட்டியான்ஷான் காட்டில் 2010இல் வெளியான ஆய்வு, மர இனங்கள் கூடக்கூட இலை தின்னும் பூச்சிகளின் கடிப்பும் கூடியது என்று காட்டியது. பல விருந்து இருக்கும் இடத்தில் எதையும் தின்னும் பூச்சிக்குக் கொண்டாட்டம். ஒரே இனத்தை மட்டும் பிடிக்கும் நோய்க்குத்தான் கலப்பு தடை.

அந்த இரண்டாவது வகை நோய்க்கு நம் ஊவா மாகாணத்தைவிடப் பெரிய சாட்சி உலகத்தில் கிடையாது. கோப்பி இலைத் துரு நோயை ஆசியாவில் முதலில் கண்டது 1869இல், இதே பதுளை மாவட்டத்தின் மடுல்சீமைப் பகுதியில். இலையின் அடிப்புறத்தில் மஞ்சள் பொடி. பேராதனைத் தாவரவியல் பூங்காவிலிருந்து த்வெயிட்ஸ் அனுப்பிய இலையைப் பார்த்து இங்கிலாந்தில் பெர்க்லி பூஞ்சணத்துக்குப் பெயர் வைத்தார். 'நாசம் செய்வது' என்ற பொருள் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. அடுத்த பத்து வருடமும் கோப்பி விலை நன்றாக இருந்ததால் நிலத்தைக் கூட்டிக்கொண்டே போனார்கள். 1870களின் இறுதியில் இரண்டரை லட்சம் ஏக்கருக்கும் மேல் கோப்பி. 1880 முதல் 1882 வரை இங்கே தங்கி ஆராய்ந்த மார்ஷல் வார்ட் என்ற இளைஞர், வித்துகள் காற்றில் போவதையும், மலைக்கு மலை இடைவெளியில்லாமல் ஒரே செடி நிற்பது அதற்குச் சோறு போட்டது போலாவதையும் எடுத்துச் சொன்னார். துரைமார் கேட்டது மருந்து. அவர் தந்தது விளக்கம். அதற்குள் கோப்பி போய்விட்டது. சிங்கோனா வந்தது, அதுவும் போனது, தேயிலை வந்தது. அதையும் அதே மாதிரி, மலைக்கு மலை ஒட்டி நட்டார்கள்.

நிழல் மரங்களைச் சேர்த்தார்கள் என்பது உண்மைதான். உயரே சவுக்கு, இடையில் தடப்பு என்று இரண்டு தட்டு. தடப்பு நைதரசனை மண்ணில் நிறுத்தும் இனம். கிளையை வெட்டிப் போட்டால் இலை சீக்கிரம் மக்கிவிடும். சவுக்கு இலை மெதுவாகத்தான் மக்கும், ஆனால் நெடுநாள் நிலத்தை மூடிக்கிடக்கும். இந்த இரண்டுக்கும் உள்ள பொருத்தம் நல்ல நிரப்புதல்தான். யாரும் ஆய்வுக் கட்டுரை படித்துச் செய்ததில்லை. பிறகு 1946இல் தேயிலைக் கொப்புள நோய் இலங்கைக்கு வந்தது. ஈரமும் இருட்டும் அந்தப் பூஞ்சணத்துக்குப் பிடிக்கும் என்பதால் நிழலைக் கழிக்கச் சொன்னார்கள். கலப்பு ஒரு நோய்க்குத் தடை என்றால் இன்னொரு நோய்க்குத் தொட்டில். நிழல் மரத்தை அப்படியே வெட்டினாலும் வம்புதான். அடிக்கட்டையில் மாச்சத்து மிச்சமிருந்தால் வேரழுகல் பூஞ்சணங்கள் அதில் குடியேறித் தேயிலை வேருக்குத் தாவும். அதனால்தான் முதலில் பட்டையை வளையமாகச் சீவி, மரத்தை மெதுவாகச் சாகவிட்டு, பிறகு வெட்டும் பழக்கம். பல மரம் என்பது சும்மா கிடைக்கும் வரம் இல்லை. அதற்கும் பராமரிப்புக் கூலி உண்டு.

இனித் தண்ணீர். தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் கருப்பந்தைல மரம் தண்ணீரைக் குடித்துவிட்டது என்பார்கள். பைனஸ் வந்த பிறகுதான் ஊற்று வற்றியது என்பார்கள். யூகலிப்டஸைத்தான் கருப்பந்தைலம் என்கிறோம். இந்தப் பேச்சை வெறும் மனக்குறை என்று தள்ளிவிட முடியாது. நீலகிரியின் கிளன்மோர்கனில் இரண்டு பக்கத்துப் பக்கத்துப் பள்ளத்தாக்குகளை எடுத்து, ஒன்றைப் புல்லும் சோலையுமாக விட்டு, மற்றதில் 59 வீத நிலத்தில் யூகலிப்டஸ் நட்டு, ஊட்டியில் இருந்த மண் நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தார் வருடக்கணக்கில் அளந்தார்கள். நட்ட பள்ளத்தில் ஓடையின் நீர் 16 வீதம் குறைந்தது. வெட்டிய பின் தளிர்த்து வந்த இரண்டாம் சுற்றில் குறைவு இன்னும் கூடியது. வறண்ட மாதங்களில் ஓடும் அடிநீரிலும் அது தெரிந்தது. நீலகிரிச் சரிவும் நம்முடைய பத்தனையும் பெரிய வித்தியாசமில்லாத நிலங்கள். (பத்தனா என்ற சிங்களச் சொல் மலைப்புல்வெளியைக் குறிக்கும். தலவாக்கலைக்குப் பக்கத்து ஊருக்கு அதுவே பெயர்.)

ஆனால் இதிலிருந்து பல மரம் நட்டால் தண்ணீர் கூடும் என்று தாவக் கூடாது. பனாமாவின் சர்தினிய்யாவில் கலப்பு நடவுகளை அளந்தபோது, கலப்புத் துண்டுகள் ஓரினத் துண்டுகளைவிட அதிக நீரை ஆவியாக்கின. விளைச்சல் கூடும் என்றால் குடிப்பும் கூடும்; வேர்கள் வெவ்வேறு ஆழத்தில் உறிஞ்சினால் மண்ணில் மிச்சம் குறையும். பின்னே பழைய காடு நிற்கும் பள்ளத்தில் மட்டும் கோடையிலும் தண்ணீர் ஓடுவது எப்படி? காட்டு மண் மழையை விழுங்கும். மிதிபட்ட, எரிந்த, சருகு வாரிய மண் விழுங்காது. மழை மேலோடு ஓடி அன்றைக்கே வெல்லவாயப் பக்கம் போய்விடும். மரம் குடிப்பது எவ்வளவு, மண் விழுங்குவது எவ்வளவு என்ற இழுபறியில்தான் ஆவணிப் பீலி தங்கியிருக்கிறது என்று நெதர்லாந்து நீரியலாளர் புருயின்சேல் பல வருடமாக எழுதிவருகிறார். அந்த இழுபறியில் இனங்களின் எண்ணிக்கை நேரடியாக வருவதில்லை. நிலத்தின் மேல் என்ன கிடக்கிறது என்பதன் வழியாகத்தான் வருகிறது. இன்னொரு விஷயம், ஓடை பழைய காட்டுக்குள் பிறந்ததா, ஓடை இருந்ததால் காடு தப்பியதா என்பது. பெரும்பாலும் இரண்டாவது. பள்ளத்தில் ஈரம் இருந்தது, தீ அங்கே ஏறவில்லை, தேயிலைக்கும் அந்தச் செங்குத்து உதவவில்லை.

மழைத்துளியைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். நல்ல மழை ஓய்ந்த பிறகு, விறகுக்கும் உரத்துக்குமாகச் சருகு வாரிப்போன ஒரு சவுக்கு வரிசையின் கீழே குந்திப் பாருங்கள். நிலம் வழவழப்பாக இருக்காது. மிளகளவு, சுண்டங்காயளவு கற்கள் ஒவ்வொன்றும் ஒரு விரல் உயர மண் தூணின் மேல் தொப்பி வைத்தது போல் உட்கார்ந்திருக்கும். கல் இருந்த இடத்தில் துளி மண்ணைத் தொடவில்லை; சுற்றியிருந்த மண் எல்லாம் தெறித்துப் போயிருக்கிறது. தூண் எவ்வளவு உயரமோ அவ்வளவு மேல்மண் அந்தப் பருவத்தில் போனது என்று வைத்துக்கொள்ளலாம். மரத்தின் கீழேயே இப்படி நடக்கிறதே என்று முதலில் பார்க்கும்போது நம்ப முடியவில்லை. சீனச் சரிவிலும் இதையே அளந்திருக்கிறார்கள். இலையில் சேர்ந்து திரண்டு விழும் துளி, வானத்திலிருந்து நேரே வரும் துளியைவிடப் பருமன். மரம் போதிய உயரம் என்றால் அது விழும் வேகமும் குறையாது. அதனால் மரத்தடியில் துளியின் அடி வெட்டவெளியைவிடப் பலமாக இருக்கலாம். இளம் நடவில் மண் அரிப்பைத் தீர்மானித்தது இனங்களின் எண்ணிக்கை இல்லை, எந்த இனம் என்பதுதான். பின்னர் மரங்கள் வளர்ந்து தட்டுத் தட்டாகக் கவிந்து, தரையில் பாசிப் படலம் பிடித்த பிறகு, பல இனத் துண்டுகளில் அரிப்புக் குறைந்ததாக 2019இல் எழுதினார்கள்.

மேலே எத்தனை வகை மரம் நின்றாலும், தரையில் சருகும் பாசியும் புதரும் இல்லையென்றால் மண் நிற்காது. கூரையைவிடத் தரை முக்கியம். லயத்து அடுப்புக்குக் கவ்வாத்து மிலாறும் சவுக்குக் கிளையும் சருகும்தான் பல வீட்டில் எரிபொருள். எரிவாயு சிலிண்டர் விலை ஏறும் மாதத்தில் சரிவின் தரை இன்னும் கொஞ்சம் வெறுமையாகிறது. சூழல்தொகுதி ஆய்வுகளில் இந்த அடுப்புக்கு ஒரு நிரல் போட வேண்டும் என்பது என் கட்சி.

சரிவு என்று சொன்னால் மீரியபெத்தவைச் சொல்லாமல் போக முடியாது. 2014 ஒக்டோபர் 29, காலை. பிள்ளைகளில் பலர் பாடசாலைக்குப் புறப்பட்டுவிட்ட நேரம். கொஸ்லந்தவுக்கு அருகே மேலேயிருந்து இறங்கிய மண் லய வரிசைகளை அப்படியே மூடியது. அந்த இடம் அபாயமானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்தில் மண்சரிவைப் பற்றிப் பேசினாலும் 'மரம் நடுவோம்' என்று முடிப்பது வழக்கமாகிவிட்டது. எனக்கு அந்த முடிவில் எப்போதும் ஒரு நெருடல் உண்டு. வேர் மண்ணைப் பிடிப்பது மேலிருந்து ஓரிரு மீட்டர் ஆழத்துக்கு. அந்த ஆழத்துக்குள் வழுக்குகிற மேலோட்டச் சரிவுகளை வேர் தடுக்கும். ஆழ வேரும் பக்க வேரும் கலந்தால் இன்னும் நன்றாகத் தடுக்கும். ஆனால் மீரியபெத்த மாதிரி இடங்களில், மேலிருக்கும் செங்குத்துப் பாறைச் சுவரிலிருந்து காலம் காலமாக உதிர்ந்து சேர்ந்த தடித்த மண் படிவு அப்படியே அசைகிறது. அதற்குள் நீர் நிறைந்து அழுத்தும்போது எந்த மரத்தின் வேரும் அதன் அடிவரை எட்டாது. மரங்கள் நின்ற நிலையிலேயே சேர்ந்து இறங்கும். அங்கே முதல் வேலை நீரை வெளியே எடுக்கும் கான், அதைவிட முதல் வேலை ஆட்களை இடம் மாற்றுவது. மரப் பல்வகைமையைப் பற்றி எழுத வந்தவன் இதை ஒளித்துவிட்டால் அது நேர்மை இல்லை.

மரம் இதில் வருகிற இடம் வேறு. ஒரு சரிவில் நிற்கும் மரங்களை மொத்தமாக வெட்டினால் வேர்கள் உடனே போய்விடாது. சில வருடங்களில் மெல்ல உளுத்து, புதிய வேர் வந்து பிடிக்குமுன் ஒரு பலவீனமான காலம் வரும். ஒரே வருடத்தில் நட்ட ஒரே இனத்தை ஒரே வருடத்தில்தான் வெட்டுவார்கள். அதனால் முழுச் சரிவும் ஒரே சமயத்தில் அந்தப் பலவீனமான காலத்துக்குள் போகிறது. வயதும் இனமும் கலந்த நிலத்தை யாரும் அப்படி ஒரே நாளில் மொட்டையடிப்பதில்லை. கலப்பு சரிவைக் காப்பதில் பாதிப் பங்கு மனிதரின் வெட்டு முறை வழியாக வருகிறது.

சரிவுகள் இப்படி மொட்டையானதற்கு ஒரு கோடும் காரணம். 1873இல் கியூ தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ஜோசப் ஹூக்கர் ஐயாயிரம் அடிக்கு மேல் காட்டை அழிக்க வேண்டாம் என்று ஆலோசனை சொன்னார். ஐயாயிரம் அடி என்றால் 1,524 மீட்டர். அப்புத்தளை 1,431 மீட்டரில் இருக்கிறது. கோடு ஏறத்தாழ மலைமுகட்டின் மேலே போனது. அதற்குக் கீழ் தொங்கும் பெரகல, கொஸ்லந்தச் சரிவுகள் முழுவதும் கோட்டுக்கு வெளியே விழுந்தன. இன்று அப்புத்தளைக்கு மேலே அடிஷாம் பங்களாவை ஒட்டிய தங்கமலைச் சரணாலயத்துக்குள் நுழைந்தால் இந்தப் பகுதியின் பழைய காடு எப்படி இருந்திருக்கும் என்று பார்க்கலாம். காலுக்குக் கீழே நிலம் மெத்தைபோல் அமிழும். கிளைகளில் பாசி தாடி வைத்திருக்கும். அங்கிருந்து பத்து நிமிடம் நடந்து வந்து தேயிலை மலையில் கால் வைத்தால் செருப்பு டக்கென்று சத்தம் போடும். அளவுகோல் இல்லாதவர்களுக்கு அந்தச் சத்தமே அளவுகோல்.

வனத்துறையார் பத்தனைகளிலும் கைவிட்ட தேயிலை நிலங்களிலும் பைனஸ் நட்டதை இன்று எல்லோரும் திட்டுகிறார்கள். நானும் திட்டியிருக்கிறேன். பசை ஊறிய ஊசியிலை தரையில் கெட்டியாகப் படியும், கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் ஒரு நெருப்புக்குச்சி போதும், மலை இரவெல்லாம் எரியும். ஆனாலும் பைனஸுக்கு ஒரு நல்ல சாட்சியம் சிங்கராஜா மழைக்காட்டின் ஓரத்திலிருந்து வருகிறது. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் நிமல், சாவித்திரி குணதிலக்க தம்பதியர் அமெரிக்காவின் மார்க் அஷ்டனுடன் சேர்ந்து, அங்குள்ள பைனஸ் தோட்டத்தில் சில நிரைகளை வெட்டி எடுத்து, இடையில் ஹொர, நாக மரம் போன்ற மழைக்காட்டு இனங்களை நட்டார்கள். மூன்று நிரை எடுத்த இடைவெளியில் கன்றுகள் மிக நன்றாக வந்தன என்று 1997இல் எழுதினார்கள். வெட்டவெளியில் நட்டால் கருகும் கன்றுக்குப் பைனஸ் செவிலித்தாயாக நின்றது. இதே தம்பதியர்தான் சிங்கராஜாவில் 25 ஹெக்டேயரில் இருநூறுக்கும் மேற்பட்ட மர இனங்களை ஒவ்வொரு தண்டாக எண்ணி இலக்கமிட்டவர்கள். காட்டை அவ்வளவு நெருங்கி அறிந்தவர்கள் பைனஸை வெட்டி எறியச் சொல்லவில்லை, பயன்படுத்தச் சொன்னார்கள். சிங்கராஜாவில் வருடம் முழுக்க மழை, விதை தரும் காடு பக்கத்திலேயே. பெரகலையில் இரண்டும் குறைவு. ஆவணித் தீயில் தப்பாத கன்றுக்குச் செவிலி இருந்தும் பயனில்லை. இங்கே முதலில் தீ தாங்கும் இனங்களைச் சேர்க்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். ஊவாவின் தாழ்ந்த சரிவுப் புல்வெளிகளில் நெல்லி, கடுக்காய், தான்றி, வேங்கை எல்லாம் வருடா வருடம் எரிந்தும் தளிர்க்கின்றன. தடித்த பட்டைதான் அவற்றின் கவசம்.

மலையடிவாரத்திலிருந்து பாடம் எடுக்க வேண்டியதில்லை, பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது. பண்டாரவளைக்குப் போகிற வழியில், மிராஹவத்தைப் பக்கம் பெலிபொல என்ற இடத்தில் ரணில் சேனாநாயக்க 1980களின் தொடக்கத்தில் ஒரு வறண்ட சரிவை எடுத்துக்கொண்டு காடு கட்டத் தொடங்கினார். அவர் முறைக்கு ஒப்புமை வனவியல் என்று பெயர். இயற்கைக் காட்டின் தட்டுகளை அப்படியே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தட்டிலும் அதே வேலையைச் செய்கிற, ஆனால் மனிதருக்கும் ஏதாவது தருகிற மரத்தை வைப்பது. உச்சியில் பலா, நடுவில் பழமரம், ஏறுகொடியில் மிளகு, நிழலில் ஏலம் என்று யோசித்துக்கொள்ளலாம். இன்று உலகின் பல நாடுகளில் இந்த முறையைச் செய்கிறார்கள். தொடங்கிய இடம் ஊவா என்பது ஊவாவில் பலருக்குத் தெரியாது.

அவரும் வெறுங்கையில் தொடங்கவில்லை. கண்டிப் பக்கத்து வீட்டுத்தோட்டங்கள் நூற்றாண்டுகளாக இதையே செய்கின்றன. 1980களில் மண்ணியலாளர் கிருஷ்ணராஜா தந்த மத்திய மலைநாட்டுக் கணக்கு இன்றும் எல்லோரும் எடுத்துக்காட்டுவது. பாதுகாப்பு வேலை செய்யாத பழைய விதைத் தேயிலை நிலத்திலிருந்து வருடத்துக்கு ஒரு ஹெக்டேயரில் 40 டன் மண் போகிறது. பலமரம் கலந்த வீட்டுத்தோட்டத்தில் 0.05 டன். எண்ணூறு மடங்கு வித்தியாசம். வீட்டுத்தோட்டத்தில் மரமும் பல, தரையும் மூடியிருக்கிறது, கூடவே ஒவ்வொரு மரத்தையும் தெரிந்த ஒரு கை இருக்கிறது. இந்த மூன்றில் எது எவ்வளவு என்று பிரிக்க முடியாது. பிரிக்கத் தேவையும் இல்லை, மூன்றும் சேர்ந்தேதான் வருகின்றன.

லயத்து மனிதர்களுக்கு அந்தக் கை உண்டு, நிலம்தான் இல்லை. லயத்துக்கும் கானுக்கும் இடையிலுள்ள நாலடிக் கரையில் கறிவேப்பிலை, கொய்யா, ஒரு பப்பாளி, சுவரோடு சாய்ந்த ஒரு சவ்சவ் கொடி என்று எதையாவது வைத்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். தனி வீட்டுத் திட்டங்களில் ஒரு குடும்பத்துக்கு வந்த பேச்சு ஏழு பேர்ச். ஒரு பேர்ச் கிட்டத்தட்ட 25 சதுர மீட்டர். ஏழு என்றால் 177. வீடு, படி, மலசலகூடம், தடுப்புச் சுவர் போக நூற்றிருபது சதுர மீட்டர் மிஞ்சலாம். வளர்ந்த பலா ஒன்று விரிந்தால் பத்து மீட்டர் குறுக்களவு பிடிக்கும், அது எழுபத்தெட்டுச் சதுர மீட்டர். மீதியில் கறிவேப்பிலையும் கொய்யாவும் நிற்கும். அடுத்த வீட்டுக்காரர் பலா வைக்காமல் இருந்தால் ஒரு வெரளியும் வைக்கலாம்.